வியர்வைக்காகத்தான்

பிப்ரவரி 4

ஆண்கள் சட்டைக்குள் பனியன் போட வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் இப்படி எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு பேருந்து நிறுவனம் தன் ஓட்டுநர்களுக்குப் புதுச் சீருடை தைக்கிறது. சட்டையோடு இரண்டு பனியனும் சேர்த்துக் கொடுப்பதா, அது வீண் வேலையா என்று எங்கள் கூடத்தைக் கேட்டிருக்கிறார்கள். கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. துணியைச் செயற்கை வியர்வையில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்தி, உடம்புச் சூட்டில் நாலு மணி நேரம் வைத்தால் சாயம் போகுமா என்று சொல்லிவிடுவேன். எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று கிராம் கணக்கில் சொல்வேன். உள்ளே இருக்கும் ஆளுக்கு அது சுகமா அவஸ்தையா என்று எந்தத் தகடும் சொல்வதில்லை.

ஆறு ஓட்டுநர்களைப் பனியனோடும் ஆறு பேரைப் பனியன் இல்லாமலும் பத்து நாள் ஓட்டச் சொன்னோம். பிறகு மாற்றிப் போட்டோம். ஏற்கெனவே போட்டுப் பழகியவர்கள், போட்டால்தான் குளிர்ச்சி என்கிறார்கள். பழகாதவர்கள், கழற்றின பிறகுதான் உயிர் வந்தது என்கிறார்கள். எங்கள் ஸ்டோர் கீப்பரைக் கேட்டேன். "மேடம், பனியன் இல்லாம சட்டை போட்டா யாரோ முதுகுப் பக்கம் நின்னு என்னையே பாக்கற மாதிரி இருக்கு. திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்றார். பக்கத்தில் நின்ற டிரைவர், "பனியனா? எனக்குச் சட்டையே ஜாஸ்தி" என்றார். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

உங்களைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்காது. இருபத்து மூன்று வருடம் விடாமல் போட்டவர்; லிஃப்ட் ஓடும் ஷாஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவர். ஒரு வாரம் கவனித்து, எத்தனை மணிக்கு நனைகிறது, எத்தனை மணிக்கு உலர்கிறது என்று குறித்து அனுப்புங்கள். டிசம்பரில் அனுப்பிய டஜன் அளவு சரியாக இருக்கிறதா என்றும் எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். போனில் பேச வேண்டாம் என்று முடிவு செய்தது நல்லதுதான். மூன்றாவது நிமிடம் நான் "உங்க இஷ்டம்" என்பேன், நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள். மார்ச் பதினைந்துக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் அந்தப் பயிற்சிக் கூடத்திலேயே, போடாவிட்டால் ஏப்ரலில் வீடு என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். அது உங்கள் வேலை. எனக்கு ஆட்சேபணை இல்லை.

பனியன் விவரத்தைத் தாமதிக்காமல் எழுதுங்கள்.


பிப்ரவரி 11

ஆராய்ச்சியம்மாவுக்கு,

உன் நல்ல மாதிரி கெட்டுப்போய்விட்டது. நான் பனியன் போடுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. நீ அனுப்பிய டஜன் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் இருக்கிறது. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, இதற்கு ஒரு கடிதமா என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒரு நாள், பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பார்க்கப் போனோம். நான், என் பயிற்சிப் பையன்கள் நாலு பேர், எங்கள் பயிற்சிக் கூடத்துப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் ஒருத்தி. பட்டப்பகலில்கூட இடுப்பில் டார்ச்சோடு அலைவாள் என்பதால் அவளை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் நானும் மட்டும் கூண்டுக்குள் ஏறினோம். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மின்சாரம் போனது. உள்ளே இருக்க வேண்டிய அவசர விளக்கும் எரியவில்லை. பையன்கள் மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கை விடுவித்துக் கையால் சக்கரத்தைச் சுற்றினால் பத்து நிமிடத்தில் வெளியே வந்திருக்கலாம். அந்தப் பாடத்தை நான் அடுத்த வாரம் நடத்துவதாக வைத்திருந்தேன்.

"சார், ஒரு லிஃப்ட் வாத்தியாரும் ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டரும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு வெளியில தெரிஞ்சா நம்மள வச்சு பாடமே எடுப்பாங்க" என்றாள். சிரித்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. காற்று இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்துக்கு நேரே டார்ச்சை அடித்து, "உள்ள என்ன சார் போட்டிருக்கீங்க, கம்பளியா?" என்றாள். பனியன் என்றேன். "கழட்டுங்க. டார்ச்ச அணைச்சுட்டேன்" என்றாள். கழற்றினேன். சட்டையை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டேன். உடம்பு லேசானது. பொய்யில்லை, எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. மொத்தம் இரண்டு மணி நேரம். பையன்கள் ஒருவழியாகப் புத்தகத்தைப் பார்த்துச் சக்கரத்தைச் சுற்றினார்கள்.

மறுநாள் காலை பனியனைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஒப்பந்தத்துக்கு ஆட்சேபணை இல்லை என்கிறாய். ஆட்சேபணை இல்லை என்பது ஒரு பதிலா? பேருந்துக் கம்பெனிக்கு நீ அப்படி எழுதுவாயா?


பிப்ரவரி 18

உங்கள் விவரம் கிடைத்தது. ஆய்வுக்குப் பயன்படாது, நன்றி.

சில சந்தேகங்கள். உங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். இதற்கு முன் எழுதிய எந்தக் கடிதமும் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. மின்சாரம் இல்லை, அவசர விளக்கு எரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கூண்டில் டார்ச்சை அணைத்தால் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். இருட்டில் என்று ஒரு வார்த்தை எழுதாமல் தவிர்த்திருக்கிறீர்கள். ஏன்?

ஜனவரியில் நீங்கள் அனுப்பிய குழுப் படத்தைக் கூடத்துக்கு எடுத்துப்போய், நூல் எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். காலருக்குள் பனியன் விளிம்பு இல்லை. அப்போதே பார்த்திருக்க வேண்டும்; பார்க்கத் தோன்றவில்லை. இடுப்பில் டார்ச்சோடு நிற்பவள் உங்களுக்கு இரண்டு ஆள் தள்ளி நிற்கிறாள். மற்ற எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவளும் நீங்களும் மட்டும் ஒரே பக்கம் திரும்பிச் சிரிக்கிறீர்கள். அங்கே என்ன இருந்தது?

நான் எதையும் முடிவுகட்டவில்லை. ஒரு படத்தை வைத்து முடிவுகட்டுகிறவள் நானில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஸ்டோர் கீப்பர் நேற்று, "என்ன மேடம், ஒரே போட்டோவ மூணு நாளா எண்ணறீங்க, நூல் கணக்கு சரியா வரலியா?" என்று கேட்டார்.

இரண்டு மணி நேரமும் பனியனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க முடியாது. வேறு என்ன பேசினீர்கள்?

அலமாரியில் இருக்கும் டஜனை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் யாரையும் எதையும் போடச் சொன்னதில்லை.


பிப்ரவரி 22

ஆராய்ச்சியம்மாவுக்கு,

படத்தில் நாங்கள் பார்த்தது எங்கள் இயக்குநரை. படம் எடுக்கிற நேரத்தில் தாமதமாக ஓடிவந்து, ஒரு ஷூ கழன்று, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்குச் சம்பள உயர்வு வேண்டும், அதனால் பார்க்காத மாதிரி நின்றார்கள். போதுமா?

என்ன பேசினோம் என்று கேட்டாய். எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கழற்றின பனியனை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவ்ளோ புழுக்கத்துல எதுக்கு சார் இது? யாரு போடச் சொன்னது?" என்று கேட்டாள். என் மனைவி துணி ஆராய்ச்சி செய்கிறவள், வியர்வையைப் பனியன் குடித்தால் சட்டை கெடாது என்று கணக்குப் போட்டுச் சொன்னாள் என்றேன். எப்போது சொன்னாள் என்றாள். யோசித்துப் பார்த்தேன். நமக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். மழையில் நனைந்துகொண்டு உன்னைக் கூப்பிட வந்தேனே, அதற்கு மறுநாள். உன் பழைய ஹாஸ்டல் தோழி உன்னோடு உங்கள் கூடத்து வாசலில் நின்றிருந்தாள். என் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏய், உன் வீட்டுக்காரர மழை வந்தா வெளியில விடாதடி, கூட்டம் கூடிடும்" என்று அவள் கத்தினாள். நீயும் சிரித்தாய். மறுநாள் மாலை ஒரு டஜன் பனியனும் கையெழுத்தில் ஒரு பக்கம் கணக்கும் கட்டில் மேல் இருந்தன.

இதை அப்படியே டார்ச்சிடம் சொன்னேன். அவள் இருட்டில் (எழுதிவிட்டேன், பார்) விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ சார்! இது வியர்வைக்கு இல்ல சார். இது பொறாமை. இது தெரியாமலா இருபத்து மூணு வருஷம் புழுங்கினீங்க?" என்றாள்.

சத்தியமாக எனக்கு அது தோன்றியதே இல்லை. நீ கணக்குக் காட்டினால் நான் நம்புவேன், அதுதான் என் வழக்கம். அவள் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ ஒருநாள்கூட எனக்காக முகம் சிவந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்புறம், உன் கடிதத்தைப் படித்தபோது, இன்னொரு நினைப்பு வந்தது. அந்தப் பொறாமை அப்போது. இப்போது எட்டு மாதமாக இங்கே தனியாக இருக்கிறேன், இன்னும் இரண்டு வருடம் என்றாலும் உனக்கு ஆட்சேபணை இல்லை.

அவள் சொன்னது உண்மையா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டியது எனக்கு அவசியம்.


பிப்ரவரி 26

உண்மை இல்லை. வியர்வைக்காகத்தான்.

அந்தக் கணக்கு இப்போதும் சரி. வேண்டுமானால் திரும்பப் போட்டு அனுப்புகிறேன்.

நம் வீட்டு விஷயத்தை ஏழாவது மாடியில் யாரோ ஒருத்தியிடம் சொல்லி, அவள் சிரித்ததை எனக்கே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.


மார்ச் 5

சரி. வியர்வைக்காகத்தான். ஏற்றுக்கொண்டேன்.

உனக்கு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்காது. தவறாக எதுவும் நடக்கவில்லை. நடக்கவும் போவதில்லை. ஆனால் அவள் ஏதாவது கேட்டால் எனக்குப் பேச்சு வருகிறது. மத்தியானம் சாப்பிடும்போது, "நேத்து என்ன சார் செஞ்சீங்க?" என்பாள். நேற்று சட்டைப் பொத்தான் தைத்தேன் என்பது பதினைந்து நிமிடக் கதையாகிவிடுகிறது. வீட்டில் நான் அப்படிப் பேசினதில்லை. நீ கேட்டதில்லை. குற்றம் சொல்லவில்லை, நானும் உன்னைக் கேட்டதில்லை. இங்கே வந்த பிறகுதான் எனக்குப் பேச வரும் என்பதே தெரிந்தது. இங்கேயே இருந்தால் இது எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒப்பந்தத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணி வரை நேரம். நீ வா என்றால் வருகிறேன். நீ சொல்லாவிட்டால் கையெழுத்துப் போடுவேன். மிரட்டவில்லை. அறுபது நெருங்குகிறவன், வேண்டாதவன் மாதிரி வந்து வாசலில் நிற்க முடியாது.


மார்ச் 12

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்தது. மூன்று நாளாகப் பதில் எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழிக்கலாம், தெரியவில்லை.

முதலில் அறிக்கையைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். இன்று அனுப்பிவிட்டேன். பனியன் போடுவதால் நன்மை என்றோ கெடுதல் என்றோ சொல்ல ஆதாரம் இல்லை, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முடித்தேன். கடைசி வரியை எழுத எனக்கு அரை நாள் பிடித்தது.

டார்ச் சொன்னது சரி.

அன்று மழையில் நீங்கள் நின்றதும், என் தோழி கத்தியதும், கத்திவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றதும் எனக்கு நிமிடக் கணக்கில் ஞாபகம் இருக்கிறது. நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் முதல் வேலையாகப் பனியன் வாங்கினேன். காரணத்தை அதற்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். சாமானை முதலில் வாங்கிவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுகிற ஆய்வை எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் யாராவது கொண்டுவந்தால் முகத்தில் எறிவேன். என்னுடையதை இருபத்து மூன்று வருடம் வருடத்துக்கு ஒரு டஜனாகப் புதுப்பித்திருக்கிறேன். அந்தத் தோழியோடு பேச்சு விட்டுப்போனதும் அதனால்தான். அவளுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

நீங்கள் புழுங்கினது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமல் மின்விசிறிக்குக் கீழே போய் நிற்பீர்கள். "கஷ்டமா இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், நீங்கள் கழற்றியிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

இதை ஒருத்தி இரண்டு மணி நேரத்தில், இருட்டில், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பொறாமை அவள் மேல் இல்லை, நான் கேட்காததை அவள் கேட்டாளே, அந்தக் கேள்வியின் மேல்தான் என்று எழுதிப் பார்த்தேன். பொய். அவள் மேலும்தான். அவள் குரல் மேல், மத்தியானச் சாப்பாட்டின் மேல், நீங்கள் தைத்த பொத்தானின் மேல். இரண்டு நாளாக எங்கள் கூடத்தில் யாராவது டார்ச் எடுத்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மீட்டர் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியனிடம், "அத அணைங்க முதல்ல" என்று கத்திவிட்டேன். "அணைச்சா எப்படிம்மா தெரியும்?" என்றார் அவர்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. இந்த வயதில் இது அசிங்கம் என்று நினைத்துத்தான் ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். ஆட்சேபணை இல்லை என்று எழுதினால் பெருந்தன்மையாக இருப்பேன் என்று நினைத்தேன். உங்களுக்கு அது கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது.

ஆட்சேபணை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கும் இருக்கிறது, நேற்றைக்கும் இருக்கிறது.

நீங்கள் வந்தால் பேச்சு வரும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. நீங்கள் பொத்தான் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நடுவில், என்ன நூல் என்று கேட்டுக் கெடுத்துவிடுவேன். என் சுபாவம் அது. ஆனால் கேட்பேன்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத முடியவில்லை. எழுதினால் நான் கேட்டதால் வந்தீர்கள் என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் வரமாட்டீர்கள். இதோடு நிறுத்துகிறேன். நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். மீதியை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.


மார்ச் 13

மேலே இருப்பதை உறையில் போட்டு இன்று காலை தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் முகவரியைப் பார்த்துவிட்டு, "பதினேழாம் தேதி கிடைக்கும்மா" என்றாள். பதினைந்துக்கு முன்னால் போகாதா என்றேன். "நீங்களே எடுத்துட்டுப் போனாத்தான் உண்டு" என்றாள். உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு எத்தனை நாள் ஆனது என்று ஒவ்வொன்றின் முத்திரையையும் பார்த்து வைத்திருக்கிறேன். நான் எழுதுவது போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று ஒரு தடவைகூடக் கணக்குப் பார்க்கவில்லை.

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களிடம் வந்த தகவலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகவே இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

பதினொன்று பத்துக்கு உங்கள் கைபேசிக்குக் கூப்பிட்டேன். அணைத்திருந்தது. பயிற்சிக் கூடத்து அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். உங்களைக் கேட்டேன்.

"சார் ஷாஃப்ட்டுக்குள்ள இருக்காரு. வர ஒரு மணி ஆகும். யாரு பேசறீங்க?"

"அவர் மனைவி."

"மேடம், நான் வந்து..." என்றாள்.

"டார்ச். தெரியும்" என்றேன்.

"மேடம், அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்காது. உங்க லெட்டர் வந்ததும் சார் ரொம்ப வருத்தப்பட்டாரு."

"நீங்க சொன்னது சரிதான்" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்ததா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். "அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். எழுதிக்கறீங்களா?"

"ஒரு நிமிஷம்." தாள் கிழிக்கிற சத்தம் கேட்டது. "அந்த ஒப்பந்த விஷயமா மேடம்? தாள் என் மேசையிலதான் கிடக்கு. தினம் வந்து பாத்துட்டு, தாள விட்டுட்டு என் பேனாவ மட்டும் எடுத்துட்டுப் போயிடறாரு."

நான் சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போட வேண்டாம்னு எழுதுங்க. ஏப்ரல்ல வீட்டுக்கு வரணும்னு நான் சொன்னேன்னு எழுதுங்க."

அவள் எழுதினாள். எழுதி முடித்து ஒரு தடவை படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை மாறவில்லை. "இத நானே சார்கிட்ட சொல்லிடட்டுமா மேடம்? மேல வந்ததும் முதல் வேலையா சொல்லிடறேன்."

"வேண்டாம்" என்றேன். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். சீட்ட மடிச்சு அவர் கையில கொடுத்தா போதும்."

"சரி மேடம்" என்றாள். மணி பதினொன்று இருபது.